முதல் ஸ்ட்ரோங்மன் போட்டிக்கு இந்த வருடமே பெயர் கொடுக்கலாமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24, எடை 86 கிலோ. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறார். டெட்லிஃப்ட் (பாரத்தை நிலத்திலிருந்து இடுப்பு மட்டும் தூக்குவது) 180 கிலோ, ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது) 140, பார்பெல்லை நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது 65. ஆவணி கடைசியில் கொழும்பில் ஒரு அமெச்சூர் ஸ்ட்ரோங்மன் போட்டி இருக்கிறது. 90 கிலோவுக்குக் கீழ்ப் பிரிவில் ஐந்து சுற்று: 75 கிலோ லொக்கை, அதாவது உள்ளே பிடி வைத்த தடித்த உருளையை, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை தலைக்கு மேல் தூக்கலாம் என்பது ஒன்று. கைக்கு 90 கிலோவாக இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு 20 மீற்றர் நடப்பது, 200 கிலோ நுகச் சட்டத்தைத் தோளில் சுமந்து 20 மீற்றர் போவது, 170 கிலோ டெட்லிஃப்ட், கடைசியாக 80, 95, 110 கிலோ உருண்டைக் கற்களை நெஞ்சளவு மேடையில் ஏற்றுவது. "இன்னும் ஒரு வருடம் பலம் ஏற்றிவிட்டுப் போகலாமா அண்ணை? யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமான் ஒன்றையுமே கண்ணால் கண்டதில்லை" என்கிறார்.

தம்பி, இந்தக் கிழமையே பெயரைக் கொடுங்கள். ஆறு மாதம் காணும். உங்களிடம் குறைவாக இருப்பது ஜிம்மில் இன்னும் ஒரு வருடம் நின்றாலும் வராது, அதனால்தான் சொல்கிறேன். கல்லைத் தொடாமல் கல் தூக்கப் பழக முடியாது. திகதி ஒன்று முன்னால் நின்றால்தான் நீங்கள் கல்லைத் தேடிப் போவீர்கள்.

நான் லண்டனில் இருந்த காலத்தில் மூன்று அமெச்சூர் போட்டிகளில் இறங்கினேன். முதல் போட்டிக்குப் போகும்போது என் டெட்லிஃப்ட் 210 கிலோ. அந்தப் பிரிவில் அதைவிடக் கூடத் தூக்கியவர்கள் இரண்டு பேர்தான். நான்கு சுற்று முடிய மூன்றாம் இடத்தில் நின்றேன். பிறகு கல். முதல் கல் 90 கிலோ. முழங்கால் மட்டும் வந்தது, நழுவியது. திரும்பக் குனிந்தேன், திரும்ப நழுவியது. மூன்றாம் தடவை முன்கையின் உள்பக்கத் தோல் உரிந்து கல்லில் இரத்தம் ஒட்டியிருந்தது. நேரம் முடிந்துவிட்டது. அந்தச் சுற்றில் எனக்குப் பூச்சியம், மொத்தத்தில் எட்டாம் இடம். என்னைவிட 40 கிலோ குறைவாக டெட்லிஃப்ட் செய்யும் ஒருவர், பண்ணையில் வேலை செய்பவர், மூன்று கல்லையும் ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்.

இந்தப் பூச்சியத்தைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். புள்ளி போடும் முறை எளிது. பத்துப் பேர் இருந்தால் ஒரு சுற்றில் முதலாவதாக வருபவருக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, இப்படியே இறங்கும். ஒரு தடவையாவது செய்து முடித்தால்தான் புள்ளி. ஒரு சுற்றில் முதலாவதாக வந்து இன்னொன்றில் பூச்சியம் எடுப்பவரை, இரண்டிலும் நடுவில் வந்தவர் முந்திவிடுவார். முதல் போட்டிக்கு ஒரே இலக்கு போதும்: ஐந்து சுற்றிலும் ஏதாவது ஒரு புள்ளி எடுப்பது. ஆறு மாதத்தை எதில் செலவழிப்பது என்பதை இந்த இலக்கே சொல்லிவிடும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். டெட்லிஃப்ட் 170 இன்றைக்கே ஒன்று வரும், ஆவணியில் நான்கைந்து வரும். அதற்கென்று தனியாக உழைக்க வேண்டாம். நடைச் சுற்றுகள் இரண்டும் பழகினால் வந்துவிடும். ஆனால் பார்பெல்லில் 65 தூக்குகிறவருக்கு 75 கிலோ லொக் இன்றைக்கு ஏறாது. கல்லையோ நீங்கள் தொட்டதே இல்லை. பூச்சியம் ஒளிந்திருப்பது இந்த இரண்டிலும்தான். உங்களுக்கு மிகப் பிடித்தது டெட்லிஃப்ட் என்பது எழுதிய விதத்திலேயே தெரிகிறது. ஆறு மாதத்துக்கு அதை இரண்டாம் இடத்தில் வையுங்கள்.

கல்லிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. எங்கள் ஆட்களுக்கும் இது புதிதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கிய இளவட்டக்கல் இன்றைக்கும் கிடக்கிறது. ஐஸ்லாந்தில் ஒரு மீனவர் கடற்கரையில் 154, 100, 54, 23 கிலோவில் நான்கு கற்கள் இருக்கின்றன. 54 கிலோக் கல்லைத் தூக்க முடியாதவரைப் படகு வேலைக்கு எடுக்க மாட்டார்களாம். உலகின் பலசாலிப் போட்டி 1977இல் தொடங்கியது, ஆனால் கல் அதற்குப் பல நூறு வருடம் மூத்தது.

ஒரு நாள் விடிய ஐந்தரைக்குச் சுன்னாகம் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரைப் பாருங்கள். வெங்காய மூட்டை லொறியிலிருந்து இறங்கும்போதும் ஏறும்போதும் நின்று பாருங்கள். நிலத்தில் கிடக்கும் மூட்டையை ஒருவரும் ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் மூட்டையைக் காலோடு சேர்த்து அணைக்கிறார். முழங்காலுக்கு மேலே கொண்டுவந்ததும் இடுப்பைத் தாழ்த்தித் தொடையில் அதை இருத்துகிறார். அங்கே ஒரு மூச்சு. கை இடம் மாறி மூட்டையின் மேல்பக்கத்தைக் கட்டிப் பிடிக்கிறது. அதன் பிறகுதான் இடுப்பால் ஒரு உந்து. அறுபது வயதுக்காரர் ஒருவர் இப்படித் தூக்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிலத்திலிருந்து எடுக்கும்போது அவருடைய கை ஒரு தடவைகூட முழங்கையில் மடியவில்லை, கயிறு மாதிரி நீண்டே இருந்தது. கல் தூக்கும் வித்தை முழுவதும் இதுதான். லண்டனில் காசு கட்டிப் படித்ததை நான் சுன்னாகத்தில் திரும்பக் கண்டேன்.

கல்லுக்கு இதையே இப்படிச் செய்யுங்கள். கல் இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் இருக்கட்டும். விரல்களை விரித்து அடியில் நுழையுங்கள். இரண்டு முன்கையாலும் உள்பக்கமாக நெரியுங்கள், மேலே இழுப்பதைவிட நெரிப்பதுதான் கல்லைப் பிடித்து வைத்திருக்கும். முதுகு கொஞ்சம் வளையும், டெட்லிஃப்ட் மாதிரி நேராக இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் வயிற்றில் மூச்சை நிறைத்து இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். தொடையில் இருத்தி, மேலால் கட்டிப் பிடித்து, இடுப்பை முன்னே தள்ளி எழும்புங்கள். கல் நெஞ்சோடு உருண்டு மேடைக்குப் போகும். நிலத்திலிருந்து எடுக்கும்போது முழங்கையை மடித்து இழுத்தீர்களோ, புயத்தின் முன்தசை நார் அறுந்துவிடும். இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கும் பெரிய காயம் அது.

கல்லுக்கு எங்கே போவது? வார்க்கலாம். கொங்கிறீற்று ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 2400 கிலோ. அப்படிப் பார்த்தால் 40 சென்றிமீற்றர் விட்டமுள்ள உருண்டை 80 கிலோ, 42 என்றால் 93, 44 முதல் 45க்குள் 110. அச்சுத்தான் கரைச்சல். உடற்பயிற்சிக்கு விற்கும் பெரிய காற்றுப் பந்தை அந்த அளவுக்கு ஊதி, அதன் மேல் இரண்டு பாதியாகப் பைபர் போட்டு எடுத்தால் அச்சு தயார். குருநகர், பாசையூர்ப் பக்கம் பைபர் படகு திருத்துபவர்களுக்கு இது கைவந்த வேலை. சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சின்னச் சல்லி மூன்று. 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்று மூன்று கல்லுக்கும் காணும். தண்ணீரைக் குறைவாக விட்டு, அச்சைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். அச்சைக் கழற்றிய பிறகு ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமை நனைத்துக்கொண்டே இருங்கள். 28 நாளுக்கு முதல் போடவோ உருட்டவோ வேண்டாம். எங்கள் வெயிலில் நனைக்காமல் விட்ட கல் மேலே பொரிந்து மாவாகக் கொட்டும். கல் விழும் இடத்தில் பழைய லொறி ரயர் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

அதுவரை சாக்கு. இரட்டைச் சாக்கில் 50 கிலோ மணலை நிரப்பி வாயைத் தைத்து, மேலே ஒட்டும் ரேப் சுற்றுங்கள். வளவில் அதை நிலத்திலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து தோளுக்கும் கொண்டுபோகப் பழகுங்கள். மூன்றாம் கிழமை 60, இரண்டாம் மாதத்தில் 75. கல் காய்ந்து வரும்போது உங்கள் உடம்புக்கு அசைவு தெரிந்திருக்கும்.

அடுத்தது லொக். இது பார்பெல் மாதிரி இல்லை. விட்டம் ஒரு அடியளவு, பிடி உள்ளே நெடுக்காக இருக்கும். அதனால் பாரம் உடம்புக்கு முன்னால் தள்ளி நிற்கும், பார்பெல்லில் தூக்குவதைவிடக் குறைவாகத்தான் பலருக்கு ஏறும். ஆனால் நீங்கள் சொன்ன 65 வெறும் தோளால் தூக்கியது. போட்டியில் முழங்காலை மடித்து உந்தலாம். அந்த உந்துதலைப் பழகினாலே 75 கிட்ட வந்துவிடும். நிலத்திலிருந்து மடிக்கு, மடியிலிருந்து நெஞ்சில் உருட்டி ஏற்றி, முழங்கையை உயர்த்தி, தலையைக் கொஞ்சம் பின்னே சாய்த்து, காலால் உந்துங்கள். தலைக்கு மேல் போனதும் தலையை இரண்டு கைக்கும் நடுவே முன்னே கொண்டுவாருங்கள். கை பூட்டி, கால் அசையாமல் நின்றால்தான் நடுவர் கணக்கு வைப்பார். வெல்டிங் கடையில் பத்து அங்குல இரும்புக் குழாய்த் துண்டைக் கொடுத்து, உள்ளே 60 சென்றிமீற்றர் இடைவெளியில் இரண்டு பிடியும், இரண்டு பக்கத்திலும் தட்டுப் போட ஒரு தடியும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டு முழுச் சுற்றாக இருக்க வேண்டும், இரண்டு புள்ளியில் ஒட்டித் தந்தால் வாங்காதீர்கள். தலைக்கு மேல் போகிற சாமான் அது.

கையில் பிடித்து நடப்பதற்கு 32 மில்லிமீற்றர்ப் பிடியுள்ள இரண்டு தண்டு போதும், அதே வெல்டிங் கடை. முதல் மாதம் கைக்கு 60 கிலோவுடன் 20 மீற்றர், சின்னச் சின்ன வேகமான அடி. பெரிய அடி வைத்தால் பாரம் ஆடும், ஆடினால் விரல் திறக்கும். நுகத்துக்கும் அதே நடைதான். சட்டம் செய்யச் செலவு கூட, அதனால் அதை மூன்றாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்குவாட் ஏற ஏற 200 கிலோ தோளில் நிற்கும். மண் தரையில் மட்டும் பழகாதீர்கள், போட்டி பெரும்பாலும் தார் அல்லது சீமெந்துத் தரையில் நடக்கும். அடி தட்டையான சப்பாத்துப் போடுங்கள், மெத்தென்ற ஓட்டச் சப்பாத்து பாரத்தில் நசிந்து கணுக்காலைத் திருப்பும்.

கிழமைக்கு நான்கு நாளுக்கு மேல் வேண்டாம். திங்கள் ஸ்குவாட்டும் தோளும். புதன் டெட்லிஃப்டும் முதுகும், குறைவாக. வெள்ளி லொக், அதோடு நெஞ்சு. ஞாயிறு விடிய ஐந்தரையிலிருந்து எட்டு மணிக்குள் வெளியில் சாமான்: ஒரு நடை, ஒரு கல் அல்லது சாக்கு, அவ்வளவுதான். ஐந்து சுற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்கும் ஆசை வரும். ஒரே ஒரு தடவை, போட்டிக்கு ஐந்து கிழமைக்கு முன் செய்து பாருங்கள். ஒவ்வொரு நான்காம் கிழமையும் பாரத்தைப் பாதியாக்குங்கள். தசை ஆறு கிழமையில் பலம் பிடிக்கும். நாரும் மூட்டும் மெதுவாகத்தான் வரும், அவைக்கு அந்த ஆறுதல் வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் வெளியில் பாரம் சுமக்கவே கூடாது. பயிற்சிக்கு முதல் நாளே தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். நடுவில் உப்புப் போட்ட மோர் நல்லது, இளநீரும் நல்லது. தலை சுற்றி வியர்வை நின்றுவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, உடனே நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வெறும் சூடு என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 140 கிராம் புரதம் காணும். முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் நூறு கிராமில் 20 கிராமளவு, பால் ஒரு லீற்றரில் 32. காலையில் குரக்கன் புட்டும் நான்கு முட்டையும், மத்தியானம் சோறும் மீனும், பின்னேரம் அவித்த பயறு, இரவு இடியப்பமும் மீன் குழம்பும் பாலும். டப்பாவில் விற்கும் புரத மா வாங்கக் காசில்லை என்று கவலைப்பட வேண்டாம். காசிருந்தால் கிரியேட்டின் ஒரு நாளைக்கு 5 கிராம் எடுக்கலாம், சிறுநீரகத்தில் நோயில்லாதவருக்கு அது பாதுகாப்பானது.

ஆனால் நல்லூர்த் திருவிழாவைக் கணக்கில் எடுங்கள். கொடியேற்றம் முதல் 25 நாளும் எங்களில் பல வீட்டில் மச்சம் இல்லை. உங்கள் போட்டியோ ஆவணி கடைசியில். கடைசிப் பயிற்சிக் கிழமைகளில் மீனும் முட்டையும் இல்லாமல் போகும். அம்மாவோடு அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். சோயா மீற் காய்ந்தது நூறு கிராமில் 50 கிராமளவு புரதம் இருக்கிறது. கடலை, உழுந்து, பயறு, தயிர், பால் எல்லாம் சேர்த்தால் 140ஐத் தொடலாம். நான் இரண்டு வருடம் திருவிழாக் காலத்தில் அப்படித்தான் பழகினேன், பாரம் ஒரு கிலோவும் குறையவில்லை. எடையைப் பற்றியும் யோசிக்காதீர்கள், 86இலிருந்து 89க்கு ஆறுதலாக ஏறலாம். முதல் போட்டிக்கு எடை குறைத்துக் கீழ்ப் பிரிவுக்குப் போவது வீண் வேலை.

பெயர் கொடுத்த கையோடு ஒரு வைத்தியரிடம் போய் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது அழுத்தம் மிக உயரும். ஏற்கெனவே கூட இருப்பவருக்கு அது ஆபத்து. அடிவயிற்றில், கவட்டில் வீக்கம் ஏதாவது தெரிந்தால் குடலிறக்கமா என்று அதே தடவையில் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஆறு மாதம் போதாது, ஸ்டீரொயிட் ஊசி போட்டால் வந்துவிடும் என்று சொல்ல யாராவது வருவார்கள். 24 வயதில் உங்கள் உடம்பே தரும் பலத்தை நீங்கள் இன்னும் எடுத்து முடிக்கவில்லை. அந்த ஊசிகள் இதயத்தையும், பிறகு பிள்ளை பெறுவதையும் பாதிக்கும். என்னோடு பழகிய ஒருவர் முப்பத்தொரு வயதில் இதய நோயாளியாக இருக்கிறார். தயவுசெய்து கிட்டவும் போகாதீர்கள்.

வீட்டில் எதிர்ப்பார்கள். "முதுகு போய்விடும்" என்ற சொல்லை என் அம்மா இரண்டு வருடம் சொன்னா. நான் விளக்கம் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தி, சாக்குத் தூக்குவதைக் காட்டினேன். பாதியில் எழும்பி உள்ளே போனா, வரும்போது கையில் கஞ்சி. அதன் பிறகு அந்தச் சொல் வரவில்லை. ஒளித்துப் பழகாமல் காட்டிப் பழகுங்கள்.

கடைசி இரண்டு கிழமை: பெரிய பாரம் கடைசியாக பத்து நாளுக்கு முன், பிறகு பாதிப் பாரத்தில் இரண்டு நாள், கடைசி நான்கு நாள் ஓய்வு. கொழும்புக்கு முதல் நாள் பகலில் போய்ச் சேருங்கள், இரவு பஸ்ஸில் இருந்து நித்திரை கெட்டுப் போய் இறங்காதீர்கள். உள்ளங்கைக் காய்ப்பை இரண்டு நாளுக்கு முன் அராவி மட்டமாக்குங்கள், கிழிந்தால் நடைச் சுற்றில் பிடி போய்விடும். முன்கைக்குத் துணி உறை, நகத்துக்கு ரேப், சுண்ணப் பொடி, இரண்டு சாரம், வாழைப்பழம், உப்பு. விதிகளை நடுவர் வாசிக்கும்போது முன்னால் போய் நில்லுங்கள். லொக்கை ஒவ்வொரு தடவையும் நிலத்திலிருந்து எடுக்க வேண்டுமா, பாரம் நழுவினால் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 80 கிலோக் கல் மேடையில் ஏறியதும் ஐந்து விநாடி மூச்சு எடுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

நான் இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். 60, 80, 100 கிலோவில் மூன்று கல் வளவில் மாமரத்தடியில் கிடக்கிறது. உங்கள் கல் காயும் வரைக்கும் ஞாயிறு விடிய வாருங்கள். நீளக் கைச் சட்டை ஒன்று கொண்டுவாருங்கள், முதல் நாள் தோல் உரியும்.